நாரியல் டாப்புக்கு இரண்டு நர்ஸ்

— அந்த நாற்காலியில நான் உக்கார மாட்டேன்னு எத்தனை தடவதான் சொல்றது?

— மெதுவா பேசு சுசீலா. வராண்டாவுல பெயிண்ட் அடிக்கிறவன்லாம் திரும்பிப் பாக்கறான்.

— பாக்கட்டும். ரங்கத் பஜார் வரைக்கும் கேக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு வெள்ளை அடிக்கிறீங்களே, உள்ள இருக்கற அழுக்க எதால அடிப்பீங்க?

— பொறு பொறு. நான் இப்ப உன் புருஷனா பேசல. ஹெட் ஆபீஸ் ஹெட் கிளார்க்கா பேசறேன். கொஞ்சம் காது குடுத்துக் கேளு.

— அப்ப நானும் உங்க பொண்டாட்டியா பேசல. நாரியல் டாப்பு தீவு நர்ஸா பேசறேன். ராமகிருஷ்ணன் சார், என் ஹெல்த் சென்டரப் பூட்ட வச்சு என்னை எதுக்கு இங்க இழுத்துட்டு வந்தீங்க? சொல்லுங்க.

— தெரிஞ்சுக்கிட்டே கேக்கறியே. பார்லிமெண்ட் கமிட்டி வருது. நம்ம டிபார்ட்மெண்ட் எவ்வளவு செலவு பண்ணுது, போஸ்ட் எத்தனை, ஆள் எத்தனைன்னு நேர்ல பாக்க டெல்லியில இருந்து அந்தமானுக்கு வர்றாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி வந்துரும். இந்த வார்டுல நர்ஸ் நாற்காலி காலியா இருந்தா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேப்பாங்க. அதான் தீவு ஸ்டாஃப்ப எல்லாம் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கோம். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் பண்றதுதானே? என்னமோ நான் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி குதிக்கிற.

— ஆமா, பண்றதுதான். கமிட்டி பாக்கற எடத்துல ஆளு நிரம்பி வழியும். பாக்காத எடத்துல பூட்டு தொங்கும். அந்த எக்ஸ்ரே ரூம்ல வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கறானே கௌதம், அவன் யாரு? கொசு மருந்து அடிக்கிறவன். கமிட்டிக்காரர் ஒருத்தர் நெஞ்சு வலிக்குதுன்னு போய்ப் படுத்தா அவன் என்ன பண்ணுவான்? மூஞ்சியில மருந்தடிப்பானா?

— யாரும் படுக்க மாட்டாங்க. பத்து நிமிஷம் பாப்பாங்க, டீ குடிப்பாங்க, போயிடுவாங்க.

— எனக்கு ப்ரியங்கா பேட்ஜு! அந்தப் பொண்ணு மேல்படிப்புன்னு மெயின்லேண்ட் போயி எத்தனை மாசம் ஆச்சு? அவ பேர நெஞ்சுல குத்திக்கிட்டு நான் பொம்மை மாதிரி உக்காரணும். மஜாக் பண்றீங்களா?

— ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் சுசீலா.

— போன தடவையும் இதேதான் சொன்னீங்க. கமிட்டி வர்றதுக்கு முன்னாடி நம்ம ஆபீசருங்களே ஒத்திகை பாக்கணும், ஒரு நாள் வந்துட்டுப் போன்னீங்க. வந்தேன். இதே நாற்காலியிலதான் உக்காந்தேன். அன்னிக்கு என்ன ஆச்சுன்னு நான் சொல்லவா, உங்களுக்கே ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அதப் பத்தி இப்ப வேணாம்.

— இப்பத்தான் வேணும்! நிறைமாசப் பொண்ணு இர்பானா. ‘சிஸ்டர், நீங்க போயிட்டா எனக்குப் பயமா இருக்கு’ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு சொல்லுச்சு. ‘இன்னும் நாள் இருக்குடி, நாளைக்கே வந்துருவேன்’னு சொல்லிட்டு வந்தேன். வலி எடுத்ததும் புருஷன்காரன் மீன் புடிக்கிற டுங்கிப் படகுல படுக்க வச்சு எரட்டா ஜெட்டிக்குக் கொண்டாந்தான். பாதிக் கடல்லயே பிரசவம் ஆயி, கொழந்த மூச்சு விடல. நான் டாப்புல இருந்திருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கும். எனக்குத் தெரியும். என் கையால எத்தனை புள்ள எடுத்திருக்கேன்.

— அது விதி சுசீலா. நீ இருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு யாரு சொல்ல முடியும்?

— விதியாவது மண்ணாவது! அது உங்க ஆர்டர். கையெழுத்து டைரக்டரோடது, டைப் அடிச்சது நீங்க.

— சரி, திட்டு. திட்டி முடிச்சியா? இப்ப நான் சொல்றத கவனமா கேளு. இதுக்காகத்தான் உன்னைத் தனியா கூப்பிட்டேன். அந்தக் கொழந்தையோட தாத்தா, டென்ட் ஹவுஸ் தாவூத் பாய், கமிட்டிக்கு மனு போட்டிருக்காரு. நாரியல் டாப்புல ஆஸ்பத்திரிக்கு ஆளே இல்லைன்னு. அதனால டாப்பு பத்தி தனியா கேள்வி வந்திருக்கு.

— போட்டாரா! நல்லா இருக்கட்டும் மனுஷன்.

— இன்னிக்கு நாற்காலி, பெட்ஷீட், பூந்தொட்டி எல்லாம் அவர்கிட்டதான் வாடகைக்கு எடுத்திருக்கோம். ரங்கத்துல வேற ஆள் இல்ல. அவரு உன்னைப் பாத்துட்டு, ‘இவங்கதான் டாப்பு நர்ஸ்’னு கமிட்டி முன்னாடி கைய நீட்டிட்டா, நீ பதட்டப்படக் கூடாது. ‘ஆமா, ஒரு நாள் உதவிக்கு வந்திருக்கேன்’னு சொல்லு. டாப்புல எத்தனை நர்ஸ்னு கேட்டா, ரெண்டு போஸ்ட், ரெண்டும் நிரம்பியிருக்குன்னு சொல்லணும்.

— என்னது? இன்னொரு தடவ சொல்லுங்க.

— ரெண்டு போஸ்ட். ரெண்டும் நிரம்பியிருக்கு.

— ரெண்டா? டாப்புக்கு ஒரு போஸ்ட்டுதான்னு இத்தனை வருஷமா என் காதுல ஓதினீங்களே! எத்தனை தடவ எழுதிப் போட்டேன், இன்னொரு நர்ஸ் குடுங்க, ஒருத்தியால முடியலன்னு. ‘போஸ்ட் கிடையாது’ன்னு பதில் அனுப்பினது உங்க செக்‌ஷன்தானே?

— முன்னாடி ஒண்ணுதான் இருந்துச்சு. அப்புறம் ரெண்டாச்சு.

— ரெண்டாச்சா? அப்ப அந்த ரெண்டாவது ஆளு எங்க? வானத்துல இருக்காளா? நான் காய்ச்சல்ல கெடந்தப்பவும் கஞ்சியக் குடிச்சிட்டு நானேதான ஊசி போட்டேன்?

— ஷ்... வண்டிச் சத்தம். யாரோ வர்றாங்க.

— வழி விடுங்கப்பா, வழி விடுங்க! பாபு, பெட்ஷீட்டு கொண்டாந்திருக்கேன், எங்கன வைக்கட்டும்? அட, சிஸ்டரம்மாவா? நீங்க எப்படி இங்கன? டாப்புல யாரு இருக்கா?

— யாருமில்ல தாவூத் பாய். பூட்டு இருக்கு.

— யா ரப்பே! மறுபடியுமா? ஏன் பாபு, உங்களுக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? அன்னைக்கு எம் பேரப்புள்ளய முழுங்கினிய. பத்தலயா? இன்னைக்கு எவன் ஊட்டுப் புள்ள?

— தாவூத் பாய், வார்த்தைய அளந்து பேசுங்க. நீங்க சாமான் எறக்க வந்தீங்க, எறக்கிட்டுப் போங்க. கமிட்டி வர்ற நேரத்துல வெளியாள் யாரும் வார்டுல நிக்கக் கூடாது.

— வெளியாளா? எம் மகன் ஷமீரு டாப்புலயே பொறந்து வளந்தவன். எம் மருமக அந்த டுங்கியில எப்படிக் கெடந்தான்னு பாத்தியளா? அலை தூக்கித் தூக்கிப் போடுது, அவ வலியில கத்துறா, ஷமீரு ஒரு கையில சுக்கானப் புடிச்சுக்கிட்டு ஒரு கையில அவளப் புடிச்சுக்கிட்டு வந்திருக்கான். எரட்டா ஜெட்டியில நான் நிக்கிறேன். துண்டுல சுத்தி என் கையில குடுத்தான். குடுத்துட்டு, ‘வாப்பா, ஆம்பளப் புள்ள’ங்கறான். அவனுக்கு அப்பவும் தெரியல பாபு, அது போயிருச்சுன்னு.

— பாய்... உக்காருங்க. இந்தாங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க.

— தண்ணி வேணாம்மா. ஆம்புலன்ஸ் போட்டு ஒண்ணு வாங்கினிய பாபு. ரிப்பன் வெட்டினிய, மால போட்டிய, போட்டோ புடிச்சிய. எங்க அது? அன்னைக்கு எங்க போச்சு அது?

— போட் இருக்கு பாய். போர்ட் பிளேர்ல கட்டி வச்சிருக்கு. ஓட்டறதுக்கு செராங் போஸ்ட் இன்னும் சாங்ஷன் ஆகல. வாங்கறதுக்கு ஒரு ஃபண்ட், ஆள் போடறதுக்கு வேற ஃபண்ட். ஆபீஸ்னா அப்படித்தான்.

— ஓட்ட ஆளில்லாத போட்ட எதுக்கு வாங்கினிய? ஊறுகா போடவா?

— நல்லா கேளுங்க பாய்! கமிட்டி முன்னாடியும் இப்படியே கேளுங்க.

— நான் கேப்பேம்மா. விஜயலட்சுமின்னு ஒரு எம்.பி. அம்மா கூட வாராங்களாம், நம்ம தமிழ்நாட்டு ஆளு. இந்தின்னா எனக்கு நாக்கு பொரளாது, நான் கோவத்துல பேசினா பாதி விளங்காது. தமிழ்ல கேப்பேன். ஆனா, நான் சாமான் வாடகைக்கு விடுறவன். என் பேச்ச யாரு நம்புவா? ‘டென்ட்காரன் பில்லு பாஸாகலன்னு கத்துறான்’னு சொல்லி முடிச்சிருவாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னியன்னா நம்புவாங்க. நீங்க சர்க்காரு ஆளு. சொல்லுவியளா?

— சொல்றேன் பாய்.

— சுசீலா!

— சொல்றேன். இத்தனை வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தேன், இன்னிக்கு சொல்றேன். டாப்புக்கு இன்னொரு நர்ஸ் வாங்காம நான் போட் ஏறப் போறதில்ல. அவங்க கைய புடிச்சு இழுத்தாவது சொல்லுவேன். பாய், நீங்க போய் மத்த சாமானெல்லாம் எறக்குங்க. வண்டி வந்ததும் கூப்பிடுங்க.

— நல்லா இருப்பியம்மா. இர்பானாட்ட சொல்லுவேன், சிஸ்டரம்மா நமக்காக நின்னாங்கன்னு. வாரேன்.

— சுசீலா, கதவச் சாத்து. உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? அந்த ஆள்கிட்ட வாக்குக் குடுக்கற?

— குடுத்தா என்ன? நான் பொய்யா சொல்லப் போறேன்?

— என் ரிட்டயர்மெண்ட் பக்கத்துல நிக்குது. இந்த நேரத்துல என் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாக்கறியா?

— உங்க சோறு! அந்த ஜனங்க சோத்துல யாரு மண்ணள்ளிப் போட்டது? விடுங்க, அத அப்புறம் பேசலாம். அந்த ரெண்டாவது நர்ஸ் யாரு? பேரச் சொல்லுங்க.

— பேரு எதுக்கு உனக்கு? ஒரு பொண்ணு. ஒர்க்கிங் அரேஞ்ச்மெண்ட்ல ஸ்ரீ விஜயபுரத்துல வேலை பாக்குது.

— எங்க?

— ஸ்ரீ விஜயபுரம். போர்ட் பிளேர்னு சொல்லாத, கமிட்டி முன்னாடி புதுப் பேர்தான் சொல்லணும்.

— ஊர் பேர மாத்த ஒரு நாள் போதும். ஒரு நர்ஸ டாப்புக்கு மாத்த உங்களால முடியல. ஒர்க்கிங் அரேஞ்ச்மெண்ட்டாம்! டாப்பு பேர்ல சம்பளம், டவுன்ல ஃபேன் காத்துல வேலை. இப்படி எத்தனை பேர ஒளிச்சு வச்சிருக்கீங்க?

— நான் ஒளிச்சு வைக்கல. மேலிடத்துல இருந்து சொல்றாங்க, செய்யறோம். எல்லா டிபார்ட்மெண்ட்லயும் இருக்கு.

— யாரு பொண்ணு? டைரக்டருக்குச் சொந்தமா? எந்தத் தலைவர் வீட்டு மருமக?

— அதெல்லாம் இல்ல.

— அப்ப சொல்றதுக்கு என்ன? தொண்டையில முள்ளா?

— சுசீலா, விட்டுரு. உன் நல்லதுக்குச் சொல்றேன். இந்த ஒரு விஷயத்த மட்டும் விட்டுரு. செராங் இல்லன்னு சொல்லு, மருந்து வரலன்னு சொல்லு, ஜெனரேட்டர் ஓடலன்னு சொல்லு. நானே உனக்குச் சொல்லித் தர்றேன். நர்ஸ் விஷயம் மட்டும் வேணாம்.

— அது மட்டுந்தான் சொல்லப் போறேன். அவ பேரு தெரியலன்னா என்ன? ‘ஒருத்தி இருக்கா, டாப்புல கால் வைக்காமலே டாப்பு சம்பளம் திங்கறா, அவள தேடிப் புடிச்சு அனுப்புங்க’ன்னு சொல்லுவேன். அவங்க கேட்டா பேரு தானா வெளிய வரும்.

— வேணாங்கறேன்!

— ஏன் வேணாம்? அன்னிக்கு அவ டாப்புல இருந்திருந்தா நான் இங்க வந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ஒரு உசுரு போச்சு அவளால. அவ எப்படிங்க ராத்திரி தூங்குறா? மாசம் பொறந்தா சம்பளத்த எடுத்துப் புடவை வாங்கியிருப்பா, கொலுசு வாங்கியிருப்பா. வெளங்குவாளா அவ? அவளுக்கு ஒரு புள்ள பொறந்து அது இப்படித் துண்டுல சுத்திக் கெடந்தாத்தான் தெரியும்.

— சுசீலா, வாய மூடு.

— மூட மாட்டேன்! அவளச் சொல்லி என்ன, அவளப் பெத்தாளே ஒருத்தி, அவளச் சொல்லணும். பொண்ண நர்ஸுக்குப் படிக்க வச்சு, நோயாளி இல்லாத எடமாப் பாத்து உக்கார வச்சிருக்கா பாரு. எந்தத் தேவிடியா...

— நீதான்! அவளப் பெத்தவ நீதான் சுசீலா!

— என்ன?

— போதுமா? கேட்டியே, கேட்டியே, இப்ப போதுமா? நம்ம சங்கவிதான். டாப்போட ரெண்டாவது நர்ஸ் நம்ம சங்கவி.

— பொய். என் வாய அடைக்கறதுக்காகப் பொய் சொல்றீங்க.

— பொய் சொல்ற மூஞ்சியா இது? பாரு.

— போர்ட் பிளேர்லயே போஸ்டிங் கெடச்சிருச்சுன்னு லட்டு வாங்கிட்டு வந்தீங்களே. ஷாதிபூர்ல நம்ம தெரு முழுக்க வீடு வீடா குடுத்தேனே நான்.

— எப்படிக் கெடைக்கும்? நீயே சொல்லு. போர்ட் பிளேர்ல ஒரு போஸ்ட்டு காலியில்ல. வரிசையில சீனியருங்க நிக்கறாங்க. மெரிட்ல சங்கவி கடைசி. அவளுக்கு வந்தது நாரியல் டாப்புதான். ஆர்டர் வந்த அன்னிக்கே இன்னொரு ஆர்டர் போட வச்சேன். டைரக்டர் கால்ல விழாத குறைதான்.

— என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே...

— சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப? இல்ல, நீ என்ன சொன்னன்னு நான் ஞாபகப்படுத்தவா? ரிசல்ட் வந்த அன்னிக்கு அடுப்படியில உக்காந்து அழுதது யாரு? ‘நான் பட்டது போதும், என் பொண்ணு கடல்ல அல்லாட வேணாம், பெரிய ஹெட் கிளார்க்குன்னு சொல்லிக்கிறீங்களே, இதக்கூட உங்களால பண்ண முடியாதா’ன்னு கேட்டது யாரு? பண்ணினேன். நீ கேட்டதத்தான் பண்ணினேன்.

— டவுன்ல வேலை வாங்கிக் குடுங்கன்னுதான் கேட்டேன். என் டாப்பு வயித்துல அடிங்கன்னா கேட்டேன்?

— வேற எந்த வயித்துல அடிக்கறது? ஒரு எடத்துல இருந்து எடுத்தாத்தான் இன்னொரு எடத்துல வைக்க முடியும். நீ என்னமோ கடையில போய் வாங்கிட்டு வர்ற மாதிரி நெனச்சிட்டிருந்த.

— ஏங்க, எத்தனையோ தீவு இருக்கே. அவ போஸ்ட்டுக்கு என் தீவுதானா கெடச்சுது?

— அதுதான் வந்துச்சு, எனக்கும் தோதாப் போச்சு. அங்க இன்சார்ஜ் நீ. கேள்வி கேக்கற ஆள் நீதான். என்னிக்காவது தெரிஞ்சாலும் சொந்தப் பொண்ணக் காட்டிக் குடுக்க மாட்டன்னு நெனச்சேன்.

— த்தூ! இப்படி வாய் கூசாம சொல்றீங்களே. இத்தனை வருஷம் கூட வாழ்ந்து என்னைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதானா?

— தப்பா தெரிஞ்சுக்கிட்டேனா? சொல்லு. இப்ப போய் காட்டிக் குடுத்துருவியா?

— அவளுக்குத் தெரியுமா? சங்கவிக்கு?

— டாப்பு பேர்ல ஜாயின் பண்ணிக் கையெழுத்துப் போட்டவளே அவதானே.

— இர்பானா விஷயத்த அவகிட்டதான் மொதல்ல போன்ல சொன்னேன். ‘ஐயோ அம்மா’ன்னா. அப்புறம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன். அழறான்னு நெனச்சேன். எம் பொண்ணுக்கு எவ்வளவு எளகின மனசுன்னு நெனச்சு... அடிப் பாவி. அடிப் பாவி மகளே.

— அவ என்ன பண்ணுவா பாவம்? புள்ள இப்பத்தான் தத்தித் தத்தி நடக்குது. மாப்பிள்ளை கோகுலுக்கு ஹார்பர்ல ஷிஃப்ட்டு வேலை. அந்தக் கொழந்தையோட அவள அந்தத் தீவுல கொண்டு போய் விடுவியா? பாம்பும் பூரானும், கரண்ட்டும் கெடையாது, ஒரு காய்ச்சல்னா உன் வாயாலயே சொன்ன, போட் கெடையாது. நம்ம பேரப்புள்ள சுசீலா.

— பேரப்புள்ளன்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தைய இப்ப சொல்லாதீங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அந்த மனுஷன் இங்க நின்னு அதத்தான் சொல்லிட்டுப் போனாரு.

— எனக்கும் வருத்தம்தான். நான் என்ன கல்லா? ஆனா நடந்தது நடந்து போச்சு. இப்ப நீ வாயத் தொறந்தா போன கொழந்த வரப் போறதில்ல. சங்கவி சஸ்பெண்ட் ஆவா. பேப்பர்ல பேரு வரும். எனக்குப் பென்ஷன் நின்னு போயிரும். கோகுல் வீட்டுல அவள வச்சு வாழ்வாங்களா? யோசிச்சுப் பாரு. கமிட்டி போகட்டும். அப்புறம் நானே எப்படியாவது டாப்புக்கு வேற ஆளு போட வைக்கிறேன். சத்தியமா.

— உங்க சத்தியம்!

— சிஸ்டரம்மா! பாபு! கதவத் தொறங்க. வண்டி கேட்டுக்குள்ள வந்திருச்சு. அந்த எம்.பி. அம்மா மொதல்ல இந்த வார்டுக்குத்தான் வாராங்களாம். நான் கேட்டுட்டேன், தமிழ்ல நல்லா பேசுறாங்க. வாங்க சிஸ்டரம்மா... ஏன் கண்ணு இப்படிச் செவந்திருக்கு? பாபு அடிச்சாரா?

— இல்ல பாய். ஒண்ணும் இல்ல.

— பயப்படாதிய. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.

— தாவூத் பாய், நீங்க அந்தக் கதவுக்கிட்டப் போங்க. சுசீலா, இந்தா பேட்ஜ். திரும்பு, நான் குத்தி விடறேன்.

— கைய எடுங்க. நானே குத்திக்கிறேன்.

— நல்லது. உக்காரு. சிரிச்ச மாதிரி இரு... வாங்க மேடம், வாங்க! நமஸ்தே. இதுதான் பெண்கள் வார்டு. எல்லா பெட்டுக்கும் புது ஷீட், எல்லா டியூட்டிக்கும் நர்ஸ்.

— வணக்கமுங்க. தமிழாளுங்களா? நல்லதாப் போச்சுங்க. காலையில இருந்து இந்தியும் இங்கிலீசுமாக் கேட்டுக் கேட்டுக் காது நொந்து போச்சுங்க. சிஸ்டர், உங்க பேரு ப்ரியங்காங்களா? பேட்ஜுல போட்டிருக்குதுங்க.

— ஆமாங்க மேடம், சீனியர் ஸ்டாஃப், ரொம்ப வருஷமா இங்கயே...

— அவங்களக் கேட்டேனுங்க. நீங்க சித்த சும்மா இருங்க.

— எம்.பி. அம்மா! நான் தாவூது. மனு போட்டது நான்தாம்மா. அது ப்ரியங்கா இல்ல. நாரியல் டாப்பு சிஸ்டரம்மா அவங்கதான். இன்னைக்கு உங்களுக்குக் காட்டுறதுக்காக அங்கன பூட்டிட்டு இங்கன கொண்டாந்து வச்சிருக்காங்க. கேளுங்க அவங்கள.

— அந்த மனுவ நான் படிச்சேனுங்க பெரியவரே. ஏனுங்க சிஸ்டர், அவரு சொல்றது நிசமுங்களா?

— ஆமாங்க. என் பேரு சுசீலா. டாப்பு நர்ஸ் நான்தான்.

— மேடம், ஒரு நாள் உதவிக்குத்தான் வந்திருக்காங்க, அது ரூல்ஸ்ல...

— இருங்க சார். டாப்புல நர்ஸ் எத்தனை பேருங்க சிஸ்டர்?

— ரெண்டு பேருங்க.

— சிஸ்டரம்மா! என்னா சொல்லுறிய? ரெண்டா?

— பாத்தீங்களா மேடம், எங்க பதில்லயும் அதேதான் குடுத்திருக்கோம். ரெண்டு போஸ்ட், ரெண்டும் நிரம்பியிருக்கு.

— ரெண்டு பேருல நீங்க இங்க உக்காந்திருக்கீங்க. அப்ப இன்னொருத்தரு இப்ப டாப்புல இருக்கறாங்களா, கண்ணு?

— இல்லைங்க. அவ ஒரு நாளும் டாப்புல கால் வச்சதில்ல. டாப்பு பேர்ல சம்பளம் வாங்கிட்டு போர்ட் பிளேர்ல வேலை பாக்கறா. ஆர்டர் போட வச்சது இந்தா நிக்கிறாரே, இந்த ஹெட் கிளார்க். என் வீட்டுக்காரர். போட்டுக் குடுங்கன்னு அழுதது நான். அவ பேரு சங்கவி. எங்க மக.

— சுசீலா, அடிப்பாவி...

— நாளைக்கு போட்டுல அவள டாப்புக்கு அனுப்பச் சொல்லி இப்பவே உத்தரவு போடுங்கம்மா.

— உத்தரவு போட எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க. நாங்க கேக்கலாம், ரிப்போர்ட்டு எழுதலாம். எல்லார் பேரையும் எழுதுவேனுங்க. உங்க பேரையும் சேத்துத்தான்.

— எழுதுங்க. என் பேர மொதல்ல எழுதுங்க. உத்தரவு வந்தாலும் வராட்டியும் நான் அவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வருவேன். பாய், உங்க முன்னாடி நிக்க எனக்கு யோக்கியதை இல்ல. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும், சத்தியமா இன்னிக்குத்தான். என்னை மன்னிச்சிருங்க.

— எங்கிட்ட கேக்காதியம்மா. நான் அந்தப் புள்ளயத் துண்டோட வாங்கினவன், அவ்வளவுதான். இர்பானா இப்பவும் தெனம் சாயங்காலம் டாப்பு ஜெட்டியில வந்து ஒக்காந்துட்டுத்தான் போறா. ஒங்க மக ஒங்க பேரப்புள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு எறங்குவால்ல, மொதல்ல இர்பானா எதிர்ல போய் நின்னு, ‘அந்த ரெண்டாவது நர்ஸ் நான்தான்’னு சொல்லச் சொல்லுங்க.